சலீம் அலி

சலீம் அலி (நவம்பர் 12, 1896 – ஜூன் 20, 1987) இந்தியாவின் புகழ் பெற்ற பறவையியலாளர் ஆவார். பறவைகளின் காவலராக இன்று அறியப்படும் இவர், இத்துறைக்குள் நுழைந்தது துப்பாக்கியின் வழியாகவும், சுட்ட பறவையைப் பாடம் செய்யும் கலையின் வழியாகவும் ஆகும்.

இளமை

பம்பாயில் பிறந்த சலீம் அலி, மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமன் வேட்டைப் பிரியர். சிறுவனான சலீம் விளையாட்டுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று மாமனுக்கும் தெரியவில்லை. 1908 இல் அதனை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். கழகத்தின் செயலாளர் மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டதோடு, இழுப்பறைகளில் இருந்த பறவைத் தோல்களையும் சிறுவனுக்குக் காட்டினார். பறவைகளைத் தோலுரித்துப் பாடம் செய்யும் பயிற்சியும் அக்கழகத்திலேயே கிடைத்தது. 1985 இல் வெளிவந்த தன் வரலாற்று நூலுக்கு அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார்.

பாடம் செய்யும் முறை

பறவையின் வயிற்றுப் பக்கம் சிறிதாகக் கீறித் தோலை உரிப்பர். மண்டையோடு தோலுடனேயே விடப்படும். அலகு அதனோடு இணைந்திருப்பதே காரணம். மண்டையோட்டின் பின்புறத் துளை வழியாக மூளையையும், குழிகளிலிருந்து கண்களையும் நீக்கி, ஒட்டியுள்ள தசையைச் சுரண்டி எடுப்பர். முற்காலத்தில் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவினர். பின்னர் பஞ்சை அடைப்பர். நாளும் இடமும் எழுதிய சீட்டைக் காலில் கட்டுவர். சீட்டு இல்லாத தோலுக்கு அறிவியலில் மதிப்பு இல்லை.

பாலூட்டிகளுக்கு இம்முறை மாறும். பற்களைக் கொண்டே இனம் அறிய வேண்டியிருப்பதால் மண்டையோட்டைத் தனியே எடுத்துத் தசை நீக்கித் தூய்மை செய்து, தோலுக்குரிய அதே எண்ணை இட்டு வைப்பர். மிகுதியாகக் கொதிக்க வைத்தால் பற்கள் கழன்றுவிடும், எலும்பின் பொருத்துகளும் விட்டுப்போகும். வேட்டைக்காரர் சுவரில் மாட்டும் வெண்மையான மண்டையோட்டை விட, மங்கலாயினும் பற்கள் குறையாத மண்டையோடே ஆய்வாளருக்குப் பயன்படும்.

ஆய்வுகள்

பர்மாவில் சில ஆண்டுகள் தொழில் செய்து திரும்பிய சலீம் அலி, 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராகச் சேர்ந்தார். பின்னர் பெர்லின் சென்று ஸ்ட்ரெசமானிடம் பயின்றார். 1930 இல் திரும்பியபோது வேலை இல்லை. கிகிம் என்ற கடலோர ஊரில் தங்கித் தூக்கணாங்குருவிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார். இதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஐதராபாத், திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோதோ நிறையப் பறவைகள் சுடப்பட்டன. வீணாகக் கொல்வதை எதிர்த்த இவர், அறிவியலுக்காக மாதிரி சேகரிப்பது தவிர்க்க முடியாதது என்று கருதினார். இந்நிலைப்பாட்டை ஏற்காதவர்களும் உண்டு. பிற்காலத்தில், வலை வைத்துப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் ஆய்விலும் ஈடுபட்டார்.

1941 இல் இவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. டில்லான் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளியானது. மன்னர்களின் வாத்து வேட்டைக்களமாக இருந்த பரத்பூர் சரணாலயமானதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. 1976 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். இவர் பெயரில் 1990 இல் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

சலீம் அலி பழந்தின்னி வௌவால்

1948 இல், இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலையில், ஆங்கசு அட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்தார். பாடம் செய்யப்பட்ட அது, பம்பாய்க் கழகத்தில் வேறொரு சாதாரண பழந்தின்னி வௌவாலின் பெயரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1972 இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை ஆராய்ந்து, அது புதிய பேரினம் என்று அறிவித்தார். அகன்ற பல் என்று பொருள்படும் லாட்டிடென்சு என்பது பேரினப் பெயர். சிற்றினப் பெயர் சலீம் அலியினுடையது. உயிருள்ள வௌவால் மீண்டும் அகப்பட்டது 1993 இல், சலீம் அலி மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே.