தன்னுடலையே சோதனைக் களமாக்கிய காந்தி

நடந்த அடிகளை எண்ணுவதும் உறங்கிய மணித்தியாலங்களைப் பதிவதும் இன்று கைத்தொலைபேசியின் வேலையாகிவிட்டன. இவ்வசதிகள் எவையுமற்ற காலத்தில் குறிப்பேட்டை மட்டும் துணைகொண்டு தம் உடலைத் தாமே ஆராய்ந்தவர் மகாத்மா காந்தி. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியை நம்மவர் கதர் இயக்கத் தலைவராகவே கண்டனர். அவரது இந்த முகம் அதிகம் பேசப்படுவதில்லை.

1888 இல் சட்டம் பயில இலண்டன் சென்ற அவர், செலவிட்ட ஒவ்வொரு காசையும் கணக்கில் எழுதினார். வண்டிக்கூலியை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். வீட்டிலிருந்து வந்த இனிப்பையும் மசாலாவையும் கைவிட்டார். பாணும் பழமும் மட்டும் உண்டும் பார்த்தார். 1893 ஓகஸ்டில் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவுச் சோதனையைத் தொடங்கியபோது, கோதுமை எத்தனை கரண்டி, தோடம்பழம் எத்தனை என்பதெல்லாம் குறிப்பேறின. உடல் தளர்ந்ததும் அதே குறிப்பில் உண்டு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் சோதனை கைவிடப்பட்டது. அத்தோல்வியை மறைக்காமல் மறு ஆண்டு இலண்டன் சைவ உணவாளர் இதழில் வெளியிட்டார் என்பதே நாம் மெச்சவேண்டியது.

1912 இல் தென்னாபிரிக்காவின் தோல்ஸ்தோய் பண்ணையில் பாலை விட்டார். இதன் விலை 1918 இல் தெரிந்தது. கேடா மாவட்டத்தில் அலைந்து திரிந்த நாள்களில் நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே அவரது பிரதான உணவு. கடும் வயிற்றுளைவு பற்றியது. மருந்தையும் ஊசியையும் மறுத்தார். மரணம் நெருங்கிவிட்டதென்றே எண்ணினார். பாலின்றி உடல் தேறாது என்றார் வைத்தியர். விரதம் பசுப்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பாலுக்குத் தடையேது என்று வாதிட்டு வழிகண்டவர் கஸ்தூரிபாய். ஆட்டுப்பால் உயிரைக் காத்தது. ஆயினும் விரதத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளை இழந்ததாக அவர் பின்னர் வருந்தினார். 1929 இல் மீண்டும் சமைக்காத உணவை முயன்றார், மீண்டும் வயிற்றுளைவு.

தில்லி தேசிய காந்தி அருங்காட்சியகத்திலுள்ள அவரது மருத்துவப் பதிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் 2019 இல் வெளியிட்டது. எடை 46.7 கிலோகிராம். குருதி அமுக்கம் 1937 ஒக்டோபரில் 194/130. 1940 பெப்ரவரியில் 220/110. நெளுக்குளத்திலிருந்து கிளினிக் கொப்பியுடன் வவுனியா வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவர் ஒருவருக்கு இந்த எண்கள் வாய்த்தால், வைத்தியர் அவரை அன்று வீடு திரும்ப விடமாட்டார்.

தம் உடலோடு நிறுத்தியிருந்தால் அவர்பாடு எனலாம். பம்பாயில் பத்து வயது மகன் மணிலால் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, வைத்தியர் சொன்ன முட்டையையும் கோழி இரசத்தையும் மறுத்து, நீர்ச் சிகிச்சையும் தோடம்பழச் சாறும் கொடுத்தார். பிள்ளை பிழைத்தான். பிழைத்தது இறையருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, பராமரிப்பாலா என்று யாரால் சொல்ல முடியும் என அவரே பின்னர் எழுதினார். ஓர் உடலில் ஒருமுறை செய்யும் சோதனையின் பலவீனம் முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

1944 இல் பூனா ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் உயிருக்குப் போராடினார். மகன் தேவதாஸின் முயற்சியால் அப்போது அரிதாயிருந்த பெனிசிலின் வந்து சேர்ந்தது. அடிக்கடி ஊசி ஏற்றவேண்டும் என்றறிந்த காந்தி, அந்நிலையில் அவரை வருத்தவேண்டாம் எனத் தடுத்தார். மருந்து ஏற்றப்படவில்லை. பெப்ரவரி 22 ஆம் நாள் மாலை, கணவரின் மடியில் கஸ்தூரிபாய் கண்மூடினார்.