பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்த கேரி கில்டால்

40 ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய கம்ப்யூட்டர் இன்றைக்கு எதற்கு உதவும்? பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான் என்று பலர் சொல்வார்கள்.

ஆனால், அந்தப் பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, பழுது பார்த்து, மீண்டும் ஓட வைக்கிறவர்கள் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும், திரையில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து தோன்றும். அதைக் கண்டதும் அவர்களுக்கு ஆனந்தம் பொங்கும். கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த எழுத்துதான் அடையாளம்.

அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் கேரி கில்டால். அவர் 1994-ம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். ஊர் சுற்றப் போய், வாசல் தேடி வந்த லட்சுமியைக் கோட்டை விட்டவர் என்று அவரைப் பலர் கேலி பேசினார்கள்.

அது உண்மையா?

மாலுமிப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், சியாட்டில் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந்தேதி கில்டால் பிறந்தார்.

அவருடைய தாத்தா, மாலுமிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வித்தையை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தந்தையும் அங்கே ஆசிரியர்.

கில்டாலுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் குறைவு. கார்களையும் மின்சாரக் கருவிகளையும் பிரித்துப் பூட்டுவதில்தான் ஆசை. ஆனால் கணக்கு நன்றாக வந்தது. குடும்பப் பள்ளியிலேயே பாடம் நடத்தினார். பிறகு, கணக்கு வாத்தியார் ஆகவேண்டும் என்ற எண்ணத்துடன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதன்பின் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

பள்ளி நாட்களில் பழகிய டோரதி என்ற பெண்ணை 1963-ல் மணந்துகொண்டார். இவர்களுக்கு ஓர் ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் பிறந்தன.

அது வியட்நாம் போர் நடந்த காலம். கில்டாலும் கடற்படையில் சேர வேண்டியிருந்தது. ஆனால் அவர் போர்க் கப்பலுக்குப் போகவில்லை. கலிபோர்னியாவில் மாண்டெரே என்ற ஊரில் கடற்படையின் உயர்கல்விக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரியர் வேலை கிடைத்தது. பக்கத்தில் உள்ள பசிபிக் குரோவ் என்ற சிறிய கடற்கரை ஊரில் குடியேறினார். 1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

தேய்ந்துபோன டிரைவ்

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். பெரிய கம்பெனிகளும் அரசாங்கமும்தான் வாங்க முடியும்.

1971-ல் இன்டெல் கம்பெனி, விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரின் மூளை முழுவதும் அந்த ஒரே சில்லுக்குள் அடங்கியிருந்தது. விளக்குகளையும் சின்ன இயந்திரங்களையும் இயக்க அது பயன்படும் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

கில்டால் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு மேஜையின் மேலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்க முடியும் என்று நம்பினார். கல்லூரி வேலை போக, வாரத்தில் ஒரு நாள் இன்டெல் கம்பெனிக்குப் போய் வேலை செய்தார். அந்தச் சில்லுகளுக்குப் புரோகிராம் எழுதுவதற்கு, பி.எல்./எம். என்ற புதிய கம்ப்யூட்டர் மொழியையும் உருவாக்கினார்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. புரோகிராம்களைச் சேமித்து வைக்க, துளையிட்ட காகிதச் சுருளைத்தான் பயன்படுத்தினார்கள். அது ஆமை வேகத்தில் ஓடும். கிழிந்தால் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அப்போது 'பிளாப்பி' என்ற வளையும் தட்டு வந்திருந்தது. அதை ஓட்டும் டிரைவ் ஒன்றை வாங்க கில்டாலிடம் பணம் இல்லை. ஷுகார்ட் என்ற கம்பெனியில் கேட்டார். சோதனைக்காக ஓடி ஓடித் தேய்ந்துபோன ஒரு டிரைவை அவர்கள் கொடுத்தார்கள்.

டிரைவ் வந்தது. அதைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் மின்பலகை இல்லை. கில்டால் தானே செய்து பார்த்தார். சரிப்படவில்லை. ஜான் டோரோட் என்ற நண்பர் கைகொடுத்தார். அவர் மின்பலகையைச் செய்தார். கில்டால் புரோகிராம் எழுதினார்.

1974-ம் ஆண்டு, பசிபிக் குரோவில் அந்தக் கம்ப்யூட்டர் தட்டில் இருந்து தானே புரோகிராமைப் படித்து ஓடத் தொடங்கியது!

அந்தப் புரோகிராமின் பெயர் சி.பி./எம்.

மண்டிக் கணக்குப்பிள்ளை

சி.பி./எம். என்ன வேலை செய்தது?

ஒரு பெரிய தானிய மண்டியை நினைத்துப் பாருங்கள். எந்த மூட்டை எங்கே இருக்கிறது, எது வந்தது, எது போனது, எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். அவர் இல்லாவிட்டால் மண்டியே நின்றுவிடும்.

கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். எந்தத் தகவல் தட்டில் எங்கே இருக்கிறது என்பதை அது தெரிந்து வைத்திருக்கும். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும். புதியதை இடம் பார்த்து வைக்கும். இதைத்தான் இயங்குதளம் என்கிறார்கள்.

சி.பி./எம். மிகச் சிக்கனமான கணக்குப்பிள்ளை. 1979-ல் வந்த அதன் புகழ்பெற்ற பதிப்பு, கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பிடித்துக்கொண்ட இடம் சுமார் 7 கிலோபைட்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு இடம் வேண்டும்!

உள்ளூர் ஆள்

1976-ல் கில்டாலும் டோரதியும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்தில் 'டிஜிட்டல் ரிசர்ச்' என்று பெயர் பெற்றது. புரோகிராமை கில்டால் கவனித்தார். வியாபாரத்தை டோரதி கவனித்தார். 70 டாலர் விலையில் சி.பி./எம். அஞ்சல் மூலம் விற்பனை ஆயிற்று.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள் புற்றீசல்போலக் கிளம்பின. ஒரு கம்பெனியின் டிரைவ் போல இன்னொரு கம்பெனியின் டிரைவ் இல்லை. திரை வேறு, விசைப்பலகை வேறு. ஒவ்வொன்றுக்கும் சி.பி./எம். புரோகிராமைத் திருத்தித் திருத்தி கில்டால் களைத்துப்போனார்.

இம்சாய் என்ற கம்பெனியும் தன்னுடைய கம்ப்யூட்டருக்கு சி.பி./எம். வேண்டும் என்று கேட்டு வந்தது. அப்போதுதான் கில்டால் ஒரு தந்திரம் செய்தார்.

புரோகிராமை இரண்டாகப் பிரித்தார். கணக்குப்பிள்ளையின் வேலை முழுவதும் ஒரு பகுதி. அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் மாறாது. குறிப்பிட்ட கம்ப்யூட்டரின் டிரைவ், திரை, விசைப்பலகை ஆகியவற்றோடு பேசும் வேலை மட்டும் இன்னொரு சிறிய பகுதி.

கணக்குப்பிள்ளை வேற்றூருக்குப் போனாலும் அவருடைய கணக்கு மாறாது. கிடங்கு எங்கே, சாவி யாரிடம் என்று சொல்ல ஓர் உள்ளூர் ஆள் இருந்தால் போதும். அந்த உள்ளூர் ஆள்தான் இந்தச் சிறிய பகுதி. அதற்கு 'பயாஸ்' என்று கில்டால் பெயர் வைத்தார்.

இனிமேல் புதிய கம்ப்யூட்டர் வந்தால், அதற்குத் தக்க பயாஸை எழுதினால் போதும். சி.பி./எம். ஓடிவிடும்!

இம்சாய் கம்பெனி 25 ஆயிரம் டாலர் கொடுத்து உரிமை வாங்கியது. மற்றக் கம்பெனிகளும் வரிசையாக வந்தன. ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம் இன்னொரு கம்ப்யூட்டரிலும் ஓடியது. தட்டச்சு வேலைக்கு ஒன்று, கணக்கு வழக்குக்கு ஒன்று என்று புரோகிராம் எழுதி விற்பதே தனித் தொழில் ஆயிற்று. புகழின் உச்சியில் இருந்தபோது, சுமார் 3 ஆயிரம் வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி./எம். ஓடியது.

ஐ.பி.எம். வந்தது

1980-ம் ஆண்டு. உலகின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான ஐ.பி.எம்., மேஜைக் கம்ப்யூட்டர் செய்ய ரகசியமாகத் திட்டம் போட்டது. அதற்கு இயங்குதளம் தேவைப்பட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் பில் கேட்ஸ், கில்டாலைப் போய்ப் பாருங்கள் என்று வழி காட்டினார்.

ஐ.பி.எம். அதிகாரிகள் பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். அன்று காலை கில்டால் அங்கே இல்லை. தன்னுடைய சொந்த விமானத்தில் வெளியூர் போயிருந்தார்.

அவர் உல்லாசமாக வானத்தில் பறந்துகொண்டிருந்தார் என்ற கதை இங்கேதான் பிறந்தது. உண்மையில், அவர் போனது வியாபார வேலையாக. வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ஒப்பந்தம் பேசுவது எப்போதுமே டோரதியின் பொறுப்பு.

அதிகாரிகள் ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். பேசுவது எதையும் வெளியே சொல்லக்கூடாது என்ற கடுமையான நிபந்தனைகள் அதில் இருந்தன. வக்கீலைக் கலந்துகொண்ட டோரதி, கையெழுத்துப் போடத் தயங்கினார். பிற்பகல் நடந்ததைப் பற்றி இரு தரப்பாரும் இரு விதமாகச் சொன்னார்கள். பேச்சு முடிவுக்கு வரவில்லை என்பது மட்டும் உறுதி.

ஐ.பி.எம். மறுபடியும் மைக்ரோசாப்டிடம் போயிற்று. சியாட்டிலில் ஒரு சிறு கம்பெனி, சி.பி./எம். போலவே நடந்துகொள்ளும் ஓர் இயங்குதளத்தை எழுதி வைத்திருந்தது. மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கி, திருத்தி, ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. அதுதான் 'டாஸ்'.

240-க்கு 40

டாஸைப் பார்த்த கில்டால் திடுக்கிட்டார். தன்னுடைய சி.பி./எம். போலவே அது இருந்தது. வழக்குப் போட எண்ணினார். ஆனால், புரோகிராம்களுக்கான பதிப்புரிமைச் சட்டம் அப்போது தெளிவாக இல்லை. ஐ.பி.எம். சமாதானத்துக்கு வந்தது. கில்டாலின் புதிய சி.பி./எம். பதிப்பையும் தன்னுடைய கம்ப்யூட்டருக்கு விற்க ஒப்புக்கொண்டது.

கில்டால் நிம்மதி அடைந்தார். ஆனால் விலைப் பட்டியலைப் பார்த்ததும் அந்த நிம்மதி போயிற்று.

டாஸ் விலை 40 டாலர். சி.பி./எம். விலை 240 டாலர்!

வாங்க வந்தவர்கள் எதை வாங்குவார்கள்? டாஸ் உலகம் முழுவதும் பரவியது. பில் கேட்ஸ் உலகப் பெரும் பணக்காரர் ஆனார்.

கில்டால் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி மக்களுக்கு விளக்கும் டெலிவிஷன் நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் பங்கேற்றார். ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே சி.டி. தட்டில் அடக்கும் முயற்சியில், 1985-லேயே வெற்றி கண்டார். 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனி நோவெல் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

பணத்துக்குக் குறைவு இல்லை. ஆனால் மனக்குறை தீரவில்லை. எங்கே போனாலும் அந்த விமானக் கதையையே கேட்டார்கள். டோரதியுடன் நடத்திய இல்லறமும் முறிந்தது. குடிப்பழக்கம் உடலைக் கெடுத்தது.

1994-ம் ஆண்டு ஜூலை மாதம், மாண்டெரேயில் ஒரு மதுக்கடையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டார். 3 நாட்களுக்குப் பின், 11-ந்தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52.

அவர் எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பின் ஒரு பகுதி, 2016-ல்தான் வெளிவந்தது.

இன்றும் ஓடுகிறது

கில்டால் மறைந்தார். ஆனால் சி.பி./எம். மறையவில்லை.

1981-ல் 1,795 டாலருக்கு விற்ற ஆஸ்போர்ன்-1, அதற்கு அடுத்த ஆண்டு வந்த கேப்ரோ-2 போன்ற கம்ப்யூட்டர்களை, ஆர்வம் உள்ளவர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள். பழைய பிளாப்பித் தட்டுகள் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகின்றன. டிரைவ்களும் தேய்ந்துவிட்டன. அதனால் தட்டுக்குப் பதிலாக, கேமராவில் போடும் சிறிய நினைவு அட்டையை இணைக்கிறார்கள்.

கில்டால் காலத்தில் இப்படி ஓர் அட்டையே கிடையாது. பிறகு எப்படி சி.பி./எம். அதைப் புரிந்துகொள்கிறது?

அட்டைக்குத் தக்கபடி பயாஸை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். அவ்வளவுதான். மற்றது எல்லாம் கில்டால் எழுதியபடியே ஓடுகிறது!

சி.பி./எம். ஓடும் புதிய கம்ப்யூட்டர்களையும் சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள். 1976-ல் வந்த இசட்-80 என்ற சில்லே அதற்குப் போதும். அந்தச் சில்லைச் செய்து வந்த கம்பெனி, அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2024-ல்தான் அறிவித்தது.

கில்டாலின் அலுவலகம் இருந்த பசிபிக் குரோவ் வீட்டின் முன்பு, 2014-ல் உலகப் பொறியாளர் சங்கம் நினைவுப் பலகை பதித்தது. அதே ஆண்டில், சி.பி./எம்.மின் பழைய பதிப்புகளை அமெரிக்கக் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. 2022 முதல், அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

பழைய கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் கில்டாலைத் தினமும் சந்திக்கிறார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'சி டிரைவ்' என்று ஒன்று இருக்கிறது அல்லவா? டிரைவ்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைத்து அழைக்கும் வழக்கம் சி.பி./எம்.மில் இருந்து டாஸுக்குப் போய், அங்கிருந்து விண்டோஸுக்கு வந்ததுதான்.

லாபத்தை மட்டும் கணக்குப் பார்த்தால், கில்டால் தோற்றவர்தான். ஆனால், ஒரே புரோகிராம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடவேண்டும் என்று அவர் நினைத்தார். அவர் கண்ணால் பார்க்காத கம்ப்யூட்டரிலும் அது ஓடுகிறது. இதைவிடப் பெரிய வெற்றி வேறு என்ன வேண்டும்?