கேணல் சாண்டர்ஸ்: விளம்பரப் பலகை சொல்லாத வாழ்க்கை

வாழ்வாதாரப் பயிற்சி வகுப்புகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு முதியவர் 65 வயதில் எல்லாவற்றையும் இழந்தார். கையில் இருந்தது 105 டொலர் காசோலை மட்டும். கோழி பொரிக்கும் செய்முறை ஒன்றை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஆயிரம் தடவை மறுக்கப்பட்டார். கடைசியில் கோடீஸ்வரரானார். ஆகவே முயன்றால் நீங்களும் எழும்பலாம் என்று கதை முடியும்.

வீடும் தோட்டமும் படகும் போன பின்பு இந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு அதில் உள்ள குத்தல் தெரியும். எழும்பாதவர் முயலாதவர் என்பதே அதன் மறுபக்கம். ஆனால் அந்த முதியவரின் உண்மையான வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. அவர் எதனால் விழுந்தார், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், பின்பு எதை விற்றுவிட்டு வருந்தினார் என்பதை முழுதாகப் பார்க்க வேண்டும்.

ஏழு வயதுச் சமையற்காரன்

ஹார்லண்ட் சாண்டர்ஸ் 1890 செப்டெம்பர் 9ஆம் திகதி இண்டியானா மாநிலத்தின் ஹென்றிவில் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அவருக்கு ஐந்து வயதாகும்போது தந்தை இறந்துபோனார். தாய் தக்காளி தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். தம்பியையும் தங்கையையும் பார்த்துச் சமைத்துக் கொடுக்கும் பொறுப்பு ஹார்லண்டின் தலையில் விழுந்தது. ஏழு வயதிலேயே பாண் சுடவும் மரக்கறி சமைக்கவும் அவருக்குக் கைவந்திருந்தது.

பத்து வயதில் தோட்டக் கூலியானார். தாய் மறுமணம் செய்துகொண்டார். சிறிய தகப்பனோடு ஒத்துவரவில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு 13 வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். 1906இல் வயதைக் கூட்டிச் சொல்லி இராணுவத்தில் சேர்ந்து, கியூபாவில் சில மாதங்கள் வண்டியோட்டியாக இருந்தார். திரும்பி வந்து புகையிரத இயந்திரங்களின் சாம்பல் தட்டைத் துப்புரவாக்கினார். பிறகு கரி அள்ளிப் போட்டார். தபால் வழியாகச் சட்டம் படித்து லிட்டில் ரொக் நகரில் வழக்காடினார். தன்னுடைய கட்சிக்காரனோடேயே நீதிமன்றத்துக்குள் கைகலந்ததோடு அந்தத் தொழிலும் போயிற்று. காப்புறுதி விற்றார். ஒஹையோ ஆற்றில் பயணிகள் படகுச் சேவை நடத்தினார். படகில் வந்த பணத்தை அசெட்டிலின் விளக்குத் தயாரிப்பில் போட்டார். அந்த நேரம் பார்த்து மின்விளக்கு கடனுக்கு விற்கப்பட, முதல் முழுவதும் கரைந்தது.

அவர் சோம்பேறி அல்லர் என்பதற்கு இந்தப் பட்டியல் போதும். கோபக்காரர் என்பதற்கும் இதுவே சான்று. நாற்பது வயது வரையில் இடையறாது முயன்ற மனிதர் அவர். வெறும் முயற்சிதான் வழி என்றால் அவர் எப்போதோ எழும்பியிருக்க வேண்டும்.

கோர்பின் சந்தி

1930இல், பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், கென்டக்கி மாநிலத்தின் வடக்கு கோர்பினில் ஒரு பெற்றோல் நிலையத்தை ஷெல் கம்பனி அவருக்குக் கொடுத்தது. வாடகை இல்லை. விற்பனையில் ஒரு பங்கு கம்பனிக்கு. வண்டிக்குப் பெற்றோல் அடிக்க நின்றவர்களுக்குத் தன் குடியிருப்பு அறையின் மேசையிலேயே சாப்பாடு போடத் தொடங்கினார். பொரித்த கோழி, பன்றித் தொடை இறைச்சி, சூடான பிஸ்கட் பாண். அடுத்த ஆண்டு விளம்பரப் பலகைத் தகராறு ஒன்று துப்பாக்கிச் சண்டையாகி, அவரோடு நின்ற ஷெல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். சாண்டர்ஸ் திருப்பிச் சுட்டு எதிராளியைக் காயப்படுத்தினார். 1932இல் அவருடைய ஒரே மகன் தொண்டைச் சதை தொற்றி இறந்தார்.

கோர்பினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாண்டர்ஸ் வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பு, 1919 ஒக்டோபரில், அந்த ஊரின் வெள்ளையர் கும்பல் ஒன்று ஏறக்குறைய 200 கறுப்பின மக்களைத் துப்பாக்கி முனையில் புகையிரதத்தில் ஏற்றி ஊரை விட்டே துரத்தியது. கோழியை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் தென்பகுதிக் கைப்பக்குவத்தை அடிமை நாட்களிலிருந்து காத்து வளர்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பின் வேர்ஜினியாவின் கோர்டன்ஸ்வில் புகையிரத நிலையத்தில் அவர்கள் தட்டுக்களைத் தலையில் சுமந்து வந்து, யன்னலோரம் பயணிகளுக்குப் பொரித்த கோழி விற்றார்கள். அந்த வருமானத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு. அவர்களுடைய முகம் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை.

சாண்டர்ஸின் சமையல் பெயர் எடுத்தது. 1935இல் மாநில ஆளுநர் அவருக்குக் கென்டக்கி கேணல் என்ற கௌரவப் பட்டம் கொடுத்தார். இராணுவப் பதவியோடு அதற்குத் தொடர்பில்லை. 1939இல் கடை தீப்பிடித்து எரிந்தது. அடுத்த ஆண்டு 140 பேர் இருந்து சாப்பிடும் உணவகமாகத் திரும்பக் கட்டினார்.

அந்தக் காலத்தில்தான் அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு நடந்தது. இரும்புச் சட்டியில் கோழி பொரிய அரை மணி நேரம் எடுக்கும். வழிப்போக்கர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார்கள். முன்கூட்டியே பொரித்து வைத்தால் காய்ந்துவிடும். அப்போது புதிதாக வந்திருந்த பிரஷர் குக்கரில் எண்ணெய் விட்டுப் பொரித்துப் பார்த்தார். நேரம் பத்து நிமிடத்துக்குள் வந்தது. இறைச்சியின் ஈரமும் உள்ளேயே நின்றது. 11 மூலிகை, வாசனைத் திரவியங்கள் கலந்த அவருடைய கலவையும் 1940இல் முடிவாயிற்று.

வீதி விலகிப் போனது

1950களின் நடுவில் கோர்பின் வழியாகப் போன நெடுஞ்சாலையின் சந்தி இடம் மாறியது. ஊரைத் தவிர்த்துப் போகும் 75ஆம் இலக்கப் பெருந்தெருவும் திட்டமிடப்பட்டது. கடை அப்படியே இருந்தது. சமையலும் மாறவில்லை. வாகனங்கள் மட்டும் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு இருமடங்குக்கும் கூடுதலான விலை பேசப்பட்ட இடம் 1956இல் 75,000 டொலருக்கு ஏலத்தில் போனது. கடன்களை அடைத்தபின் அவருக்கு மிஞ்சியது சிறிய சேமிப்பும், மாதம் 105 டொலர் அரச ஓய்வூதியமும்.

யாரோ எங்கோ வரைந்த வரைபடம் ஒரு குடும்பத்தின் உழைப்பை ஒரே ஆண்டில் பெறுமதியற்றதாக்கும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் அவருடைய இழப்பை எங்களுடையதோடு ஒப்பிட முடியாது. அவருடைய தலைக்கு மேல் செல் விழவில்லை. ஏலப் பணம் கைக்கு வந்தது. காணிக்கு உறுதி இருந்தது.

பயிற்சி வகுப்புக் கதை விட்டுவிடும் பகுதியும் இங்கேதான் இருக்கிறது. முதலாவது, அந்த 105 டொலர். அது ஒரு தடவை கிடைத்த காசோலை அல்ல. மாதாமாதம் தவறாமல் வந்த அரச கொடுப்பனவு. தோற்றாலும் பட்டினி இல்லை என்ற தைரியத்தைக் கொடுத்தது அதுதான். இரண்டாவது, அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. கடை போவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1952இல், யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் பகுதியில் உணவகம் நடத்திய பீற் ஹார்மன் அந்தக் கோழியை விற்கத் தொடங்கியிருந்தார். விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் 4 சதம் சாண்டர்ஸுக்கு என்பது பேச்சு. கென்டக்கி ஃபிரைட் சிக்கன் என்ற பெயரே ஹார்மனின் கடைக்குப் பலகை எழுதியவர் கொடுத்ததுதான். மூன்றாவது, 1939இலேயே நாடறிந்த உணவு வழிகாட்டி நூலொன்றில் அவருடைய கடை இடம்பெற்றிருந்தது.

நான்காவது, அவருடைய இரண்டாவது மனைவி கிளோடியா. முன்பு அவருடைய கடையில் வேலை செய்தவர். 1949இல் திருமணம் நடந்தது. சாண்டர்ஸ் குக்கரையும் கலவையையும் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், காருக்குள்ளேயே படுத்தெழும்பினார். மறுத்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதும் உண்மை. சம்மதித்த கடைகளுக்கு வேண்டிய கலவையை வீட்டிலிருந்து அளந்து, கலந்து, பொதி கட்டி அனுப்பியவர் கிளோடியா. வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கழுத்துப் பட்டியும் ஊரெல்லாம் தெரிந்தன. பொதி கட்டிய கைகளைக் கண்டவர் குறைவு.

விற்ற முகம்

1964இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 600க்கு மேற்பட்ட கடைகள் அந்தக் கோழியை விற்றன. அவருக்கு வயது 73. கணக்கும் நிர்வாகமும் கையை மீறிப் போயிருந்தன. ஜோன் வை. பிரவுண், ஜாக் மாசி ஆகியோர் கொண்ட குழுவுக்கு 20 இலட்சம் டொலருக்குக் கம்பனியை விற்றார். கனடாக் கடைகளின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். விளம்பரத்துக்குத் தன் முகத்தைக் கொடுப்பதற்காக ஆண்டுச் சம்பளம் பெற்றார். ஏழே ஆண்டுகளில், 1971இல், ஹியூப்ளின் என்ற நிறுவனம் அதே கம்பனியை 28 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது.

பணத்தைவிட அவரை வாட்டியது சமையல்தான். செலவைக் குறைக்கக் குழம்பின் செய்முறையை மாற்றினார்கள். அறிவிக்காமல் கடைகளுக்குள் போய்ச் சுவைத்துப் பார்த்துச் சண்டை பிடித்தார். பத்திரிகைக்காரரிடம் அந்தக் குழம்பைச் சுவரில் பூசும் பசைக்கு ஒப்பிட்டுப் பேசியதற்காக ஒரு கடைக்காரர் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டார். வழக்குத் தள்ளுபடியானது. கிளோடியாவோடு சேர்ந்து ஷெல்பிவில்லில் சொந்த உணவகம் தொடங்கியபோது, தன்னுடைய பெயரையும் சமையலையும் பயன்படுத்துவதைத் தடுக்கிறார்கள் என்று அவரே கம்பனி மீது வழக்குத் தொடர்ந்தார். 1975இல் 10 இலட்சம் டொலருக்குச் சமரசமானது.

1970களில் கம்பனி கொண்டுவந்த மொறுமொறுப்பு வகைக் கோழியையும் அவர் வெறுத்தார். கோழியில் ஒட்டிய மாக்கட்டி என்று ஏசினார். இன்று அமெரிக்காவின் துரித உணவுக் கடைகளுக்கிடையே நடக்கும் கோழி சான்ட்விச் போட்டியைப் பார்த்தால் அந்த ஏச்சின் பொருள் விளங்கும்.

சாண்டர்ஸின் கோழி எலும்போடு இருந்தது. பணிசுக்குள் எலும்பில்லா நெஞ்சிறைச்சியை வைத்துப் பெயர் பெற்றவர் ஜோர்ஜியா மாநிலத்தின் ட்ரூவெட் கதி. 1960களில் அவர் உருவாக்கிய சிக்-ஃபில்-ஏ சான்ட்விச்சில் வெண்ணெய் தடவிய பணிஸ், இரண்டு வெள்ளரி ஊறுகாய்த் துண்டுகள், கச்சான் எண்ணெயில் பொரித்த இறைச்சி, அவ்வளவுதான். அதுவும் அழுத்தத்தில் பொரிப்பதே. பூச்சு மெல்லியது, இறைச்சி மெதுமையானது. 2019 ஓகஸ்டில் பொப்பாய்ஸ் இறக்கிய சான்ட்விச் இதற்கு நேரெதிர். மோர் சேர்த்த தடித்த பூச்சு, லூசியானா உறைப்பு, காரச் சுவைச் சாறு. இரண்டே கிழமையில் நாடு முழுவதும் தீர்ந்துபோனது. கே.எஃப்.சி. 2021இல் தன் சான்ட்விச்சை மாற்றி, தடித்த இறைச்சித் துண்டோடும் மொறுமொறுப்பான பூச்சோடும் போட்டியில் இறங்கியது. அழுத்தத்தில் பொரிக்கும் அந்தக் கேணலின் முறைக்குக் கிட்ட நிற்பது போட்டிக் கம்பனியின் சான்ட்விச். அவருடைய முகத்தை வைத்திருக்கும் கம்பனி விற்பது, அவர் வெறுத்த வகையின் வழி வந்தது.

கடைசி வெள்ளைக் கோட்டு

1980இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. டிசெம்பர் 16ஆம் திகதி, 90 வயதில், லூயிவில் நகரில் நியுமோனியாவால் காலமானார். மாநிலத் தலைமன்றத்தில் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டோடும் கறுப்புக் கழுத்துப் பட்டியோடும் கேவ் ஹில் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பலகையில் சிரிக்கும் அந்த முகத்தை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த முறை தையல் இயந்திரமோ ஆட்டுக்குட்டியோ கொடுத்துவிட்டு யாராவது அவருடைய கதையைச் சொன்னால், இடையில் மறித்துச் சிலவற்றைக் கேட்கலாம். மாதாமாதம் வந்த அந்த ஓய்வூதியத்துக்குப் பதிலாக இங்கே என்ன இருக்கிறது? முதல் கோழியை வாங்க யூட்டாவில் ஒருவர் இருந்தாரே, எங்கள் மாவையும் கருவாட்டையும் தொடர்ந்து வாங்கப்போவது யார்? வீட்டிலிருந்து பொதி கட்டும் பெண்ணின் பெயர் எந்தப் பத்திரத்தில் எழுதப்படும்? முயற்சி எங்களிடம் எப்போதும் இருந்தது.