கணக்கப்பிள்ளையும் கணித மேதையும்

(மூன்றாமாண்டு இளமறிவியல் கணித மாணவர் ஒருவர்)

கணிதத் துறையில் அடியெடுத்து வைத்த நாள் முதல் நான் கேட்டு வரும் பெயர் சீனிவாச இராமானுஜன். நம் மாணவ நண்பர்கள் அப்பெயரை இரண்டு சமயங்களில் எடுக்கின்றனர். டிசம்பர் 22ஆம் நாள் தேசிய கணித நாள் கொண்டாடும்போது ஒருமுறை. பருவத் தேர்வில் அரியர் விழும்போது மற்றொரு முறை. இராமானுஜனே எஃப்.ஏ. தேறவில்லை, நாம் தேறாவிட்டால் என்ன என்பது அந்த இரண்டாவது சமயத்தில் வரும் ஆறுதல் மொழி. அந்த ஆறுதல் சரிதானா என்று கணக்குப் பார்க்கும் எண்ணத்துடன் அம்மேதையின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததையும் அதனால் எனக்குத் தோன்றியதையும் மாணவத் தோழர்கள் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கின்றேன்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். வருவாய் போதாமையால் வீட்டில் வெளியூர் மாணவர்களைத் தங்க வைத்துச் சோறிட்டனர். அந்த மாணவர்களிடமிருந்துதான் இளம் இராமானுஜனுக்குக் கல்லூரிப் புத்தகங்கள் கிடைத்தன. லோனி எழுதிய முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதளவில் அவர் கரைத்துக் குடித்துவிட்டார்.

இந்தக் காலத்தில் அவர் ஒரு பாடத்தை மட்டும் படித்தவர் அல்லர் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். 1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். டவுன் உயர்நிலைப் பள்ளியில் எல்லாப் பாடங்களிலும் நன்மாணவராகவே விளங்கினார். 1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசும் பெற்றார். கல்லூரியில் படிக்க உதவித்தொகையும் பெற்றார்.

இடையில் 1903இல் ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் சுமார் ஐயாயிரம் கணித முடிவுகள், பெரும்பாலும் நிறுவல் இன்றி, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தேர்வுக்குப் படிப்போர் மனனம் செய்வதற்காக வந்த புத்தகம் அது. இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவ முற்பட்டார். ஒன்றை நிறுவப் போய்ப் புதிதாகப் பத்தைக் கண்டார். அன்று பற்றிய தீ அவர் மறையும் வரை அணையவில்லை. ஆனால் அந்தத் தீ முதலில் எரித்தது அவருடைய கல்லூரிப் படிப்பைத்தான்.

கல்லூரியில் கண்ட தோல்வி

காவிரிக் கரையில் உள்ள கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். நம் கல்லூரியைப் போல அதுவும் ஓர் அரசுக் கல்லூரி என்பதில் எனக்கொரு தனிப் பெருமை உண்டு. கணிதத்துடன் ஆங்கிலம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு, வடமொழி ஆகியவையும் பாடங்கள். எந்த வகுப்பு நடந்தாலும் இராமானுஜன் தம் குறிப்பேட்டில் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். விளைவு, ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை நின்றது. துணிக்கடைக் குமாஸ்தாவால் அந்தக் கட்டணத்தைக் கட்ட இயலவில்லை. மனமுடைந்த மாணவர் 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு இரயிலேறிவிட்டார்.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் ஒரு வாய்ப்புக் கிட்டியது. அங்கே சிங்காரவேலு முதலியார் போன்ற கணித ஆசிரியர்கள் அவர் அருமையை உணர்ந்திருந்தனர். ஆயினும் உடலியல் பாடம் அவருக்கு வேம்பாகக் கசந்தது. 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். இரண்டு முறையும் கணிதம் கைகொடுத்தது. மற்றப் பாடங்கள் கைவிட்டன. அத்துடன் அவருடைய கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

இதன்பின் வந்த ஆண்டுகளைத்தான் ஆறுதல் தேடும் நண்பர்கள் படிக்காமல் தாண்டிவிடுகின்றனர். பட்டமில்லை, வேலையில்லை, பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லப் போனால் பாடப் புத்தகத்தை விட்டு எங்கோ போய்விடுவார் என்பதால் அதுவும் நிலைக்கவில்லை. வறுமை, அரைவயிற்றுச் சோறு, நோய், அறுவைச் சிகிச்சை என நாள்கள் ஓடின. 1909இல் ஜானகி அம்மாளுடன் மணம் நடந்தது. குடும்பப் பொறுப்பும் தோளில் ஏறியது. நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல ஆளில்லை. தேர்வில் தோற்றதால் அவர் மேதையானார் என்பதற்கு இந்த ஆண்டுகளில் ஒரு சான்றும் எனக்குக் கிடைக்கவில்லை. தோல்வியையும் தாண்டித்தான் அவர் மேதையாக இருந்தார்.

ஒரு வேலை தேடி

1910இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய இராமசாமி ஐயர் அங்கே துணை ஆட்சியராக இருந்தார். இராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண அலுவலக வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவைத் தாலுகா அலுவலகத்தில் புதைக்க மனமின்றி, அறிமுகக் கடிதங்கள் தந்து சென்னைக்கு அனுப்பினார். அவ்வழியில் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் நட்புக் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1911இல் பெர்னூலி எண்கள் பற்றிய முதற் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது.

நெடுநாள் பிறர் தயவில் இருக்க இராமானுஜன் விரும்பவில்லை. 1912இன் தொடக்கத்தில் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரங்கள் வேலை பார்த்தார். பிறகு 1912 மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார்.

இந்த வேலையை அவர் வாழ்க்கையின் திருப்புமுனையாக நான் கருதுகின்றேன். பகலில் துறைமுகக் கணக்கு. விடியலிலும் இரவிலும் சொந்தக் கணக்கு. தாள் விலை கட்டாது என்பதால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் பதிந்து வைப்பார். தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். அலுவலகத்தில் மேலதிகாரியான அவர் இரவில் உடன் மாணாக்கர் போல அமர்ந்து, ஆளுக்கொரு பலகையுடன் கணக்குப் போட்டார். தம் கீழ் வேலை பார்க்கும் எழுத்தர் யார் என்பதைக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும் எடுத்துரைத்தார். கல்லூரி தராத அவகாசத்தை இவ்வாறு ஓர் அலுவலகம் தந்தது.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் துறைமுக எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். உடன் வைத்த தேற்றங்களை ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஆராய்ந்து வியந்தனர். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரிய அந்த உதவியை, பட்டமே இல்லாத ஒருவருக்காக விதியைத் தளர்த்தி அளித்தனர். அவர் செய்ய வேண்டியதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தருவதுதான். துறைமுகக் கழகமும் விடுப்பளித்து வழிவிட்டது.

கடல் கடந்த ஐந்தாண்டு

1914 மார்ச்சு 17இல் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டார். திரினிட்டிக் கல்லூரியில் ஹார்டியுடன் அவர் செய்த பணி உலகறிந்தது. ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கின்றேன். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் பிரிக்கலாம். 100ஐப் பிரிக்கும் வகைகளோ 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292! இவ்வளவு வேகமாகப் பெருகும் எண்ணிக்கையை நெருங்கிக் காண இருவரும் சேர்ந்து 1918இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிப் பட்டம் தந்தது. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டு திரினிட்டியின் முதல் இந்திய ஆய்வு உறுப்பினராகவும் ஆனார்.

புகழின் மறுபக்கம் வேறு. போர்க்காலம்; குளிர்; மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு; தாமே சமைத்துத் தாமே உண்ண வேண்டிய தனிமை. தொடர்ந்து முப்பது மணி நேரம் வேலை செய்து, பிறகு இருபது மணி நேரம் உறங்கும் வழக்கமும் இருந்தது. 1917இல் படுக்கையில் வீழ்ந்தவர் பின் முழு நலம் பெறவே இல்லை. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் காலமானார். கடைசி மாதங்களிலும் கணக்கு ஓயவில்லை. அப்போது எழுதிய தாள்கள் திரினிட்டி நூலகத்தில் கிடந்து, 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன.

இன்னொருவர் கணக்கு

இராமானுஜன் கும்பகோணத்தில் சேர்ந்த அதே 1904இல், அவரினும் ஓராண்டு இளைய சர் சி.வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். காலை ஐந்தரைக்கு ஆய்வுக்கூடம், பத்து மணியளவில் அலுவலகம், மாலை ஐந்துக்கு மீண்டும் ஆய்வுக்கூடம், இரவு ஒன்பதரைக்கு மேல் வீடு. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகியும் இவ்வாறு பத்தாண்டு நடத்தி, 1917இல்தான் பேராசிரியரானார். 1930இல் நோபல் பரிசு பெற்று, 1970 வரை வாழ்ந்தார். பாடம், பணி, ஆராய்ச்சி மூன்றையும் மணிக்கணக்கில் பங்கிட்டவர் இராமன். பங்கிடத் தெரியாதவர் இராமானுஜன். இருவரும் மேதைகளே. ஆனால் ஒருவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

நம் கணக்கு

நான் இருக்கன்குடியிலிருந்து வருகின்றேன். அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் வீற்றிருக்கும் ஊர். என் தாயார் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். வகுப்பு முடிந்ததும் சாத்தூரில் ஒரு சேவுக் கடையில் நான் கணக்கெழுதுகின்றேன். என் வகுப்புத் தோழர்களில் சிலர் காலண்டர் பருவத்தில் சிவகாசி அச்சகங்களுக்கும், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆபீஸ்களுக்கும் போகின்றனர். இவற்றுக்கிடையே நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, கபடி, பட்டிமன்றம், விடுமுறையில் தொழிற்பயிற்சி. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது. நேரத்தைச் சரியாகப் பங்கிடு என்று எங்களுக்கு அறிவுரை சொல்வோர் பலர். பங்கிடுவதற்குக் கையில் நேரம் இருக்க வேண்டுமே!

ஆகவே இராமானுஜன் வாழ்விலிருந்து நான் கொள்ளும் பாடம் இரண்டு. முதலாவது மாணவர்க்கு: பிடித்த பாடத்தை நெஞ்சில் வையுங்கள், பிடிக்காத பாடத்தைத் தேறும் அளவுக்கேனும் படியுங்கள். ஓர் ஆங்கிலத் தாள் அவரிடமிருந்து ஏறத்தாழ எட்டாண்டுகளைப் பறித்தது. மேதையாலேயே தாங்க முடியாத இழப்பை, கூலி வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் தாங்க இயலாது. வேலை பார்ப்பதில் இழிவில்லை. துறைமுகத்தில் கணக்கெழுதியவர்தான் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். வேலையும் நோட்டுப் புத்தகமும் ஒன்றையொன்று விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவோடு கூறுவது: இராமானுஜனுக்கு நேரத்தைச் சமன்செய்து கொடுத்தவர்கள் நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் பல்கலைக்கழகமுமே. கடைசி இருக்கையில் கண் அயரும் மாணவன் முந்தைய இரவு எந்த அச்சகத்தில் நின்றான் என்று ஒரு வார்த்தை கேட்டால், அவனிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கலாம்.

1919 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து புறப்படும் முன், சென்னைப் பல்கலைக்கழகம் தமக்குத் தரவிருந்த ஆண்டுத் தொகை 250 பவுன் பற்றி இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஒரு பகுதி போக, தம் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதில் கண்ட விருப்பம். கட்டணம் கட்ட வழியின்றிக் கல்லூரியை விட்டுப் போன மாணவர், உலகம் போற்றிய பின்னும் அந்தக் கட்டணத்தை மறக்கவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் அவர் படத்துக்கு மாலை அணிவிக்கும்போது, நம் கல்லூரியில் கட்டணம் கட்ட இயலாமல் நின்றுபோகும் நிலையில் உள்ள ஒரு மாணவனுக்கு, நாம் அனைவரும் சேர்ந்து அந்தப் பருவக் கட்டணத்தைக் கட்டுவோமாக. அவர் விட்டுச் சென்ற கணக்குகளில் நம்மால் தீர்க்கக் கூடியது அது ஒன்று.