ஆய்வகம் கட்டிய பாவலர்

அறிவியலாளரைக் கவிதை அண்டாது என்றும், கவிஞருக்குக் கணக்கு வாராது என்றும் ஒரு நம்பிக்கை பலரிடம் நிலவுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே பொய்யாக்கியவர் சாந்தி சுவரூப் பட்நாகர். உருது மொழியில் கவிதை யாத்த அவரே இந்தியாவின் தேசிய ஆய்வகங்களையும் எழுப்பினார். அறிவியலைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றார். ஈடாக வந்த பெரும்பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ள மறுத்தார். மக்களின் வரிப்பணத்தில் விளையும் அறிவை ஆலையதிபரிடம் வழங்கலாமா, வழங்கினால் அதன் பயன் யாரைச் சேரவேண்டும் என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்வே ஒரு விடையாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் 1894 பிப்ரவரி 21 அன்று பட்நாகர் பிறந்தார். எட்டுத் திங்கள் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரின் இல்லமே அவரை வளர்த்தது. பாட்டனார் பொறியாளர். பொம்மை எந்திரங்களும் மின்கலங்களும் செய்து விளையாடும் பழக்கம் அங்கே தோன்றியது. கவிதை நாட்டமும் அவ்வீட்டார் தந்த செல்வமே.

பின்னர்த் தந்தையின் நண்பரான இரகுநாத் சகாய் என்னும் தலைமையாசிரியர் அவரை லாகூருக்கு அழைத்துச் சென்றார். 1911-இல் தயாள் சிங் கல்லூரியில் சேர்ந்த பட்நாகர், அங்கிருந்த நாடகக் கழகத்தில் ஈடுபட்டு, உருதுவில் ஓரங்க நாடகம் ஒன்றை எழுதிப் பரிசும் பெற்றார். ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் 1919-இல் வேதியியல் முதுகலைப் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1915-இல் இரகுநாத் சகாயின் மகள் லாஜவந்தி அவருக்கு வாழ்க்கைத் துணையானார்.

தயாள் சிங் அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் அமெரிக்கா செல்லப் புறப்பட்டவர், இங்கிலாந்தை அடைந்ததும் தடைப்பட்டார். முதல் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படைவீரர் நாடு திரும்பிய காலம் அது, கப்பல்களில் இடமில்லை. எனவே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலேயே பேராசிரியர் டானனிடம் ஆய்வு மேற்கொண்டு, 1921-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தின் பண்ணை இந்தியில் இயற்றியவர் இந்த வேதியியல் பேராசிரியரே என்பது பாவலர் உலகம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும். மூன்றாண்டுகளுக்குப் பின் 1924-இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்திற்கு வேதியியல் ஆய்வகங்களின் இயக்குநராக வந்தார்.

எண்ணெய்க் கிணறும் பிசினும்

லாகூரில் ஆய்வகத்தைத் தேடித் தொழிலதிபர்கள் வந்தனர். முதலில் வந்தவருள் ஒருவர் சர் கங்காராம். கரும்புச் சக்கையைக் கால்நடைத் தீவனமாக்கும் வழியை அவருக்காகப் பட்நாகர் கண்டார். பின்பு, இராவல்பிண்டியை அடுத்த பகுதியில் எண்ணெய்க் கிணறு தோண்டிய அட்டோக் எண்ணெய்க் கம்பெனிக்கு ஓர் இடர் நேர்ந்தது. கிணறு துளைக்கையில் உள்ளே செலுத்தும் சேற்றுக் குழம்பு, நிலத்தடி உப்புப் படிவுகளைத் தொட்டவுடன் இறுகிக் கட்டியாகிவிட்டது. துளையிடும் பணி நின்றது. எந்திரத்தைப் பழுது பார்ப்பதால் தீரக்கூடிய குறை இதுவன்று என்று பட்நாகர் உணர்ந்தார். சேறு என்பது நுண்துகள்கள் நீரில் மிதக்கும் கூழ்மம். உப்புச் சேர்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூழ்ம வேதியியலில் தேர்ந்த அவர், இந்தியப் பிசின் ஒன்றைக் கலக்கச் செய்தார். சேறு இளகியது, உப்பினால் திரளாத நிலைப்பும் பெற்றது.

கம்பெனியின் முகவர்களாகிய இலண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தார் மகிழ்ந்து, பெட்ரோலிய ஆய்வுக்கென ரூ.1,50,000 அளிக்க முன்வந்தனர். அந்நாளில் அது பெருஞ்செல்வம். அத்தொகை பல்கலைக்கழகத்தின் வழியாகவே வரவேண்டும் என்று பட்நாகர் வற்புறுத்தினார். அப்பணத்தில் பெட்ரோலிய ஆய்வுத் துறை ஒன்று பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. மெழுகின் நாற்றத்தை நீக்குதல், மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துதல், எண்ணெய்த் தொழிலின் கழிவுகளைப் பயன்படுத்துதல் எனப் பல ஆய்வுகள் அங்கு நிகழ்ந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம் பத்தாண்டாக நீண்டது. தமக்கெனப் பணப்பயன் பெற அவர் தொடர்ந்து மறுத்தே வந்தார். 1934-இல் இயற்பியலறிஞர் மேக்நாத் சாகா அவருக்கு மடல் எழுதி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பை நாட்டார் கண்களில் உயர்த்திவிட்டதாகப் பாராட்டினார்.

பின்னாளில் அவர் நாடெங்கும் விரித்த ஏற்பாட்டின் வித்து இதுவே. ஆலை தன் இடரைச் சொல்லும்; ஆய்வகம் தீர்வைத் தேடும்; வரும் ஊதியம் தனியொருவர் வீட்டுக்குப் போகாமல் மீண்டும் ஆய்வுக்கே திரும்பும்.

போர் தந்த வாய்ப்பு

இரண்டாம் உலகப் போர் கடல்வழி வணிகத்தை முடக்கியபோது, இந்தியத் தொழில்களுக்குத் தேவையான பொருள்களை உள்நாட்டிலேயே ஆக்கவேண்டிய கட்டாயம் எழுந்தது. அன்று அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் வணிகத் துறையை ஏற்றிருந்தவர், நீதிக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆர்க்காடு இராமசாமி முதலியார். அவர் முயற்சியால் 1940 ஏப்ரலில் அறிவியல் தொழிலக ஆய்வு வாரியம் தோன்றியது. பட்நாகர் இயக்குநரானார். ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் ஒதுக்கப்பட்டது.

கல்கத்தா அலிப்பூர்ச் சோதனைக் கூடத்தில் பணி தொடங்கியது. ஆயினும் ஆய்வு முடிவுகள் கோப்புகளிலேயே உறங்கிவிடும் என்னும் அச்சம் பட்நாகருக்கு இருந்தது. எனவே ஆய்வுப் பயன்பாட்டுக் குழு ஒன்றை 1941-இல் அமைக்கச் செய்தார். கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் ஆலைகள் உரிமத்தொகை செலுத்த வேண்டும். அத்தொகை தனி நிதியாகத் திரண்டு மேலும் ஆய்வை வளர்க்க வேண்டும். அட்டோக்கில் ஒருவர் தம் மனச்சான்றால் கடைப்பிடித்த நெறி இவ்வாறு அரசின் விதியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் முதலியார் மத்திய சட்டமன்றத்தில் முன்மொழிந்து, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.10 இலட்சம் பெற வழிசெய்தார். 1942 செப்டம்பர் 26 அன்று அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் தன்னாட்சி அமைப்பாக உருப்பெற்றது. 1943-இல் இலண்டன் ராயல் கழகம் பட்நாகரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

ஆய்வகங்கள் எழுந்த காலம்

1943-இல் ஐந்து தேசிய ஆய்வகங்களுக்கான அவரது திட்டத்தை மன்றம் ஏற்றது. மறு ஆண்டு அரசு ரூ.1 கோடி வழங்கியது. டாடா நிறுவனம் ரூ.20 இலட்சம் நன்கொடை அளித்தது. விடுதலைக்குப் பின் தலைமையமைச்சர் நேருவின் முழுத் துணை கிடைத்தது. 1950-ஆம் ஆண்டிலேயே பூனாவில் வேதியியல், தில்லியில் இயற்பியல், ஜாம்ஷெட்பூரில் உலோகவியல், மைசூரில் உணவுத் தொழில்நுட்பம் என ஆய்வகங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பெற்றன.

தமிழகமும் இதில் பங்கு பெற்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் ரூ.15 இலட்சமும் ஈந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 சனவரி 14 அன்று இராதாகிருஷ்ணனால் திறந்து வைக்கப்பெற்றது. சென்னை அடையாற்றில் தோல் ஆய்வகம் எழுந்தது. அரசும் அறவோரும் ஆலையதிபரும் சேர்ந்து வெட்டிய ஊருணிகள் இவை எனலாம்.

1951-இல் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளுடன் சுத்திகரிப்பு ஆலைகள் குறித்து அரசின் சார்பில் பேசியவரும் பட்நாகரே. 1953-இல் தேசிய ஆய்வு வளர்ச்சிக் கழகம் தோன்றவும் அவர் காரணமாயிருந்தார். ஆய்வகத்து உத்தியை ஆலைக்கு உரிமம் வழங்கிக் கைமாற்றுவதே அதன் பணி.

மறுப்புக் குரல்கள்

இவ்வளர்ச்சியை எல்லாரும் வாழ்த்தவில்லை. ஆய்வகங்கள் பெருகுவதைக் கண்ட சர் சி.வி. இராமன், நேருவின் பெயரையும் பட்நாகரின் பெயரையும் இணைத்து அதற்கு ஓர் எள்ளல் பெயர் சூட்டினார். முன்னர்ப் பாராட்டிய சாகாவோ, பல்கலைக்கழகங்களை வலுப்படுத்துவதே முதற்கடன் என்று கருதினார். ஆசிரியர்களும் நிதியும் ஆய்வகங்களுக்குப் போய்விட்டால் மாணவரை உருவாக்குவோர் யார் என்னும் கவலை அடிப்படையற்றதன்று. பல்கலைக்கழக ஆய்வறையில் வளர்ந்த பட்நாகருக்கே இம்முரண் நேர்ந்தது என்பது எண்ணத்தக்கது. 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். ஆனால் அப்பக்கத்தைச் சீர்செய்யக் காலம் இடங்கொடுக்கவில்லை.

கவிஞரின் தனிமை

1946-இல் லாஜவந்தி மறைந்தார். துணைவியின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பட்நாகரின் உருதுக் கவிதைத் தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டின் பிரிவினையில் அவர் படித்த கல்லூரிகளும் உருவாக்கிய பெட்ரோலியத் துறையும் எல்லைக்கு அப்பால் சென்றன. பணியே அவருக்குத் துணையாயிற்று. 1955 சனவரி 1 அன்று, அறுபது வயதில், மாரடைப்பால் தில்லியில் மறைந்தார். அவர் காலத்தில் நிறுவப்பெற்ற தேசிய ஆய்வகங்கள் பன்னிரண்டு. இன்று அம்மன்றத்தின்கீழ் இயங்குபவை 37.

மைசூர் ஆய்வகம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு ஆக்கும் முறையைக் கண்டது. அதனைக் குசராத்து உழவர்களின் அமுல் கூட்டுறவு ஏற்றது. தில்லி இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய அழியா மை, ஆய்வு வளர்ச்சிக் கழகத்தின் வழியே மைசூரில் உள்ள அரசுச் சாயத் தொழிற்சாலைக்கு வழங்கப்பெற்று, 1962 பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரல்களில் இடப்பட்டு வருகிறது. அந்த மையை இட்டுக்கொள்வோரில் பட்நாகரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் ஆய்வகத்தில் பிறந்து, ஆலையில் வளர்ந்து, பொதுமக்களின் விரலைச் சேரும் அந்தக் கருங்கோடு, அவர் போட்டுத் தந்த பாதையிலேதான் வந்து சேர்கிறது.