9 ரூபாய் சம்பளம்... ஆனா, ஒருநாளும் பயில்வான்! - சாண்டோ சின்னப்பா தேவர் கதை

புத்தாண்டுக்கு ஜிம்லயோ கராத்தே கிளாஸ்லயோ பணம் கட்டிட்டு, பொங்கல் முடிஞ்சதும் போறதை நிறுத்தினவரா நீங்க? அப்படின்னா, கோவை ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தரோட கதை உங்களுக்குத்தான்.

சாண்டோ சின்னப்பா தேவர். யானையில ஆரம்பிச்சு எல்லா விலங்கையும் திரையில நடிக்க வெச்ச தயாரிப்பாளராத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். ஆனா, சினிமாவுக்கு முன்னாடியே அவர் ஊரறிஞ்ச பயில்வான்.

மாறாத ஒரே வேலை

1915 ஜூன் 28-ல் பிறந்தவர். வீட்டில் வறுமை. சின்ன வயதிலேயே படிப்பு நின்றுபோனது. பங்கஜா மில்லில் வேலை. மாதச் சம்பளம் 9 ரூபாய். ஐந்து வருடங்களுக்கு மேல் அங்கே உழைத்தார். அப்புறம் ஸ்டேன்ஸ் மோட்டார் கம்பெனி, பால் வியாபாரம், அரிசிக் கடை, சோடா கம்பெனினு பிழைப்பு மாறிக்கிட்டே இருந்தது. மாறாதது ஒண்ணுதான்... உடற்பயிற்சி!

நண்பர்களோடு சேர்ந்து ராமநாதபுரத்தில் 'வீர மாருதி தேகப் பயிற்சி சாலை'யை ஆரம்பித்தார். மாருதினா அனுமன், பயில்வான்களோட இஷ்ட தெய்வம். ஏ.சி-யும் கண்ணாடியும் இல்லாத காலம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டைதான் அன்றைய பயில்வான்களின் பாடத்திட்டம்.

அது என்ன 'சாண்டோ'?

யூஜின் சாண்டோ, 1867-ல் பிறந்த ஜெர்மானிய பலசாலி. உலகம் முழுக்கப் புகழ்பெற்ற அவர் பெயர், நம்ம ஊரில் கட்டுடல்காரர்களுக்கு ஒரு பட்டமாவே ஆகிடுச்சு. கடையில கை இல்லாத பனியனை 'சாண்டோ'னு கேட்டு வாங்குறோமே, அதே பெயர்தான். ஆணழகன் பரிசு வென்ற சின்னப்பாவுக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கிச்சு. மில் கேட்டுக்குள் பத்தோடு பதினொண்ணா நுழைந்தவருக்கு, சொந்தமா உழைத்துச் சம்பாதித்த அடையாளம் அது.

உடம்பு கொடுத்த வாய்ப்பு

அப்போ கோவையிலேயே சினிமா ஸ்டூடியோக்கள் இருந்தன. சண்டைக் காட்சிகளுக்குத் தேவரைக் கூப்பிட்டாங்க. வாய்ப்புக்காகக் காத்திருந்த எம்.ஜி.ஆரும் உடற்பயிற்சிப் பிரியர். இரண்டு பேரும் நண்பர்களானார்கள். எம்.ஜி.ஆர் கதாநாயகனான முதல் படம் 'ராஜகுமாரி' (1947). அதில் அவரோடு மோதும் பயில்வான் வேடத்துக்கு வேறு ஒருவரைப் போட நினைத்தது தயாரிப்புத் தரப்பு. தேவர்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார் எம்.ஜி.ஆர். அவருக்கே அது முதல் பெரிய வாய்ப்பு என்பதை யோசிச்சுப் பாருங்க!

1956-ல் தேவர் ஃபிலிம்ஸின் முதல் படம், 'தாய்க்குப் பின் தாரம்'. ஹீரோ எம்.ஜி.ஆர், இயக்கம் தேவரின் தம்பி எம்.ஏ.திருமுகம். இடையில் சில வருடங்கள் நண்பர்களுக்குள் விரிசல். 1961-ல் 'தாய் சொல்லைத் தட்டாதே' மூலம் மறுபடி சேர்ந்தார்கள். மொத்தம் 16 படங்கள். 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்து, வட இந்தியாவையும் கலக்கினார். சம்பாதித்ததில் மருதமலை முருகனுக்கும் அள்ளிக் கொடுத்தார். 1978-ல், 63 வயதில் காலமானார்.

சரி, நமக்கு என்ன?

கர்லாக்கட்டையைத் தூக்கின முதல் நாள், இது சினிமாவில் கொண்டுபோய் விடும்னு அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. கட்டுடல் ஆசை ஒருத்தரைத் தொடங்க வைக்கும். தொடர வைக்கிறது வேற. தனியா போறவர் ஒருநாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கலாம். நாலு நண்பர்கள் களத்துல காத்திருந்தா அது முடியாது. தேவர் செய்ததும் அதைத்தான். தனியாப் பயிற்சி செய்யலை, ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கிட்டார்.

அடுத்த தடவை சிலம்பமோ கராத்தேவோ சேரும்போது, ஷூ வாங்குறதுக்கு முன்னாடி கூட வர்ற ஒரு ஃப்ரெண்டைப் பிடிங்க!