தரையிலே பறந்த விமானம்!

அது ஒரு பெட்டி. பார்ப்பதற்குக் குட்டி ஆகாய விமானம் போல இருக்கும். சிறகு உண்டு. வாலும் உண்டு. ஆனால் அது தரையை விட்டு ஓர் அங்குலம் கூட எழும்பாது.

அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து விமானம் ஓட்டப் பழகியவர்கள் 5 லட்சம் பேருக்கு மேல்! இரண்டாம் உலகப் போரில் வானத்தில் ஏறிச் சண்டை போட்ட வீரர்கள் பலருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

அதைச் செய்தவர் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய விஞ்ஞானி அல்ல. இசைக்கருவி செய்து விற்றவரின் மகன். எட்வின் லிங்க் என்பது அவர் பெயர்.

துருத்தியும் காற்றும்

எட்வின் லிங்க், அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹண்டிங்டன் என்ற ஊரில் 1904-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ந் தேதி பிறந்தார். 1910-ம் ஆண்டில் அவருடைய தந்தை, நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்ஹாம்டன் நகரில், நொடித்துப் போயிருந்த ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையை வாங்கினார். குடும்பம் அங்கே குடியேறியது.

அந்தத் தொழிற்சாலையில் தானே வாசிக்கும் பியானோக்களைச் செய்தார்கள். சினிமா கொட்டகைகளுக்கு ஆர்கன் வாத்தியமும் செய்து கொடுத்தார்கள். அது ஊமைப் படங்களின் காலம். திரையில் படம் ஓடும். கீழே ஒருவர் உட்கார்ந்து ஆர்கன் வாசிப்பார்.

ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் துருத்தி தெரியும். ஆர்கனும் அப்படிக் காற்றினால் ஒலிக்கும் வாத்தியந்தான். தானே வாசிக்கும் பியானோவுக்குள் ஒரு காகிதச் சுருள் இருக்கும். அதில் துளை வரும் இடத்தில் காற்று புகும். அந்தக் காற்று ஒரு சின்னத் துருத்தியை அசைக்கும். துருத்தி அசைந்ததும் பியானோவின் கட்டை தட்டப்படும். மனிதர் கை படாமலே பாட்டு வரும்!

சிறுவன் எட்வின் இந்தத் துருத்திகளுக்கு நடுவே வளர்ந்தான். ஆனால் அவன் கண் இருந்தது ஆகாயத்தில்!

50 டாலர் பாடம்

1920-ம் ஆண்டு. எட்வினுக்கு வயது 16. விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்ற ஆசையோடு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விமான நிலையத்துக்குப் போனான். அதை நடத்தியவர் சிட்னி சாப்ளின். சிரிப்பு நடிகர் சார்லி சாப்ளினின் அண்ணன். தாய் ஒன்று, தந்தை வேறு.

பாடத்துக்குக் கட்டணம் 50 டாலர். அந்த நாளில் அது பெருந்தொகை. விமானம் கிளம்பியது. குட்டிக்கரணம் போட்டது, சுழன்று சுழன்று இறங்கியது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கீழே இறங்கிய பிறகுதான் எட்வினுக்கு ஒன்று உறைத்தது. விமானத்தை ஓட்டும் பிடியை அவன் ஒரு தடவை கூடத் தொடவில்லை!

பணம் போயிற்று. பாடம் நடக்கவில்லை. ஆனாலும் ஆசை போகவில்லை. ஊர் திரும்பிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று, அவர் விமானியாகவே ஆகிவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. விமானம் ஓட்டக் கற்பதற்கு எதற்காக முதல் நாளே வானத்துக்குப் போக வேண்டும்? பணம் உள்ளவனுக்குத்தான் பாடம் என்று ஆகிறது. அதை விடப் பெரிய தொல்லை, ஆகாயத்தில் கை தவறினால் உயிர் போய்விடும். தவறு செய்யாமல் எந்த வித்தையையும் கற்க முடியாதே!

தரையிலேயே தவறு செய்து, தரையிலேயே திருந்தினால் என்ன?

நிலவறையில் 18 மாதம்

தந்தையின் தொழிற்சாலையில் ஒரு நிலவறை இருந்தது. 1927-ம் ஆண்டில் அங்கே வேலையைத் தொடங்கினார் லிங்க். ஏறக்குறைய 18 மாதம் பாடுபட்டார். பொருளுக்கு அலையவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஆர்கன் துருத்திகள் கிடந்தன.

ஒரு சின்ன விமானக் கூட்டைச் செய்தார். அதன் அடியில் துருத்திகளைப் பொருத்தினார். காற்றை உறிஞ்சுவதற்கு மின்சார பம்பு வைத்தார். உள்ளே இருப்பவர் பிடியை முன்னால் தள்ளினால், முன்பக்கத் துருத்தி சுருங்கும். பெட்டியின் மூக்கு கீழே சாயும். பிடியைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே எழும். பக்கவாட்டில் அசைத்தால் பெட்டி பக்கவாட்டில் சாயும். காலால் மிதித்தால் திரும்பும். நிஜ விமானம் போலவே!

1929-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

வாங்குவதற்கு ஆள் இல்லை

பெட்டி தயார். ஆனால் வாங்குவாரைத்தான் காணோம். விமானப் பள்ளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி பிடித்துக்கொண்டது. பேசும் படம் வந்துவிட்டதால் கொட்டகைக்காரர்களுக்கு ஆர்கனும் வேண்டியிருக்கவில்லை.

லிங்கின் பெட்டி கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு! காசு போட்டு ஏறி ஆடும் விளையாட்டுச் சாமானாகி விட்டது.

வயிற்றுப்பாட்டுக்காக லிங்க் ஒரு புதுத் தொழில் செய்தார். விமானத்தின் இறக்கைக்கு அடியில் மின்விளக்குகளைக் கட்டி, இரவில் நகரங்களின் மேல் பறந்தார். விளக்குகள் எரிந்து எரிந்து விளம்பர எழுத்துக்களைக் காட்டின. அவற்றை ஏற்றி அணைத்ததும் பியானோவின் துளைக் காகிதச் சுருள் உத்திதான். வீட்டுத் தொழில் அவரை விட்டுப் போகவே இல்லை.

இருட்டில் பறந்து பறந்து, வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் வித்தை அவருக்குக் கைவந்தது.

1931-ம் ஆண்டில் மரியன் கிளேட்டன் என்ற பத்திரிகையாளரை மணந்தார். நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் கணவருக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

தபால் பையோடு போன உயிர்கள்

1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். விமானத் தபால் ஒப்பந்தங்களில் ஊழல் என்று புகார் எழுந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தனியார் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். தபால் சுமக்கும் வேலையை ராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தார்.

அது கடுங்குளிர்காலம். பனிப்புயலும் மூடுபனியும் சேர்ந்து கண்ணை மறைத்தன. ராணுவ விமானிகளில் பலருக்குக் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து பழக்கம் இல்லை.

மேகத்துக்குள் புகுந்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்று உடம்புக்குத் தெரியாது. ராட்டினம் சுற்றி இறங்கிய பிள்ளைக்கு, நின்ற பிறகும் உலகம் சுற்றுவது போல் இருக்குமே, அது போலத்தான். விமானம் சாய்ந்து கீழே போய்க்கொண்டிருக்கும். விமானிக்கோ நேராகப் போவது போல் தோன்றும். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு, கருவியின் முள் சொல்வதை நம்ப வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி இல்லாததால் விமானங்கள் நொறுங்கின. சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அமெரிக்காவே கலங்கிப் போயிற்று.

மூடுபனியில் வந்த விருந்தாளி

இப்போது ராணுவத்தாருக்கு லிங்கின் விளையாட்டுச் சாமான் நினைவுக்கு வந்தது. பெட்டிக்கு மேலே மூடி போட்டு விட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியாக வேண்டும். அப்படி ஒரு பயிற்சிதானே தேவை!

நெவார்க் விமான நிலையத்தில் லிங்கைச் சந்திக்க அதிகாரிகள் வந்திருந்தார்கள். அன்று மோசமான வானிலை. விமானங்கள் பறக்க முடியாத மூடுபனி. இந்த நிலையில் யார் வரப் போகிறார்கள் என்று அதிகாரிகள் புறப்படத் தயாரானார்கள். அந்த நேரத்தில் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் வந்து இறங்கியது. அதிலிருந்து லிங்க் இறங்கி வந்தார்!

கருவிகளை நம்பியே அவர் வந்து சேர்ந்திருந்தார். அதற்கு மேல் விளக்கம் எதற்கு? 1934-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. ஒரு பெட்டியின் விலை 3,500 டாலர்.

45 நிமிடத்துக்கு ஒன்று

பிற நாடுகளும் பெட்டியைத் தேடி வந்தன. பின்னாளில் எதிரியாகப் போகும் ஜப்பான் கூட, போருக்கு முன்பே வாங்கிக்கொண்டது.

போர் மூண்டதும் லிங்கின் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. வேலை மும்முரமாக நடந்தபோது 45 நிமிடத்துக்கு ஒரு பெட்டி தயாராயிற்று. மொத்தம் 10 ஆயிரம் பெட்டிகள் வரை செய்தார்கள். உடல் நீல நிறம், இறக்கை மஞ்சள். நீலப் பெட்டி என்றே வீரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மாணவர் பெட்டிக்குள் இருப்பார். ஆசிரியர் வெளியே மேஜை முன் இருப்பார். மேஜை மேல் ஒரு தேசப்படம். அதன் மேல் 3 சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று நண்டு போல ஊர்ந்து செல்லும். மாணவர் எந்த வழியாகப் போகிறார் என்று அது மையால் கோடு போட்டுக் காட்டும். வழி தவறினாலும், மலையில் மோதும்படி ஓட்டினாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. மாணவர் வெட்கத்தோடு இறங்கி வருவார். உயிரோடு இறங்கி வருவார்!

கடலுக்குள் ஒரு வாழ்க்கை

1954-ம் ஆண்டில் லிங்க் தம் கம்பெனியை விற்றார். வீட்டில் ஓய்ந்து உட்காரவில்லை. ஆகாயத்தை விட்டவர் கடலில் இறங்கினார். ஜமைக்கா தீவில் 1692-ம் ஆண்டு பூகம்பத்தில் கடலுக்குள் மூழ்கிய போர்ட் ராயல் நகரத்தை, 1959-ம் ஆண்டில் மனைவியோடு சென்று தேடினார். அங்கே கிடைத்த பொருள்களில் ஒரு கடிகாரமும் உண்டு. நகரம் மூழ்கிய நேரத்தைக் கண்டுபிடிக்க அது உதவியது.

ஆழ்கடலில் மனிதன் தங்கி வேலை செய்ய வழி தேடினார். 1962-ம் ஆண்டில் அவர் செய்த உலோக உருளையில், ஒரு வீரர் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினார். பிறகு சிறிய நீர்மூழ்கிக் கலம் ஒன்றையும் உருவாக்கினார்.

அந்தக் கலம்தான் அவருடைய நெஞ்சைப் பிளந்தது.

1973-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி. பிளாரிடாவை அடுத்த கடலில், மூழ்கிக் கிடந்த ஒரு பழைய போர்க்கப்பலின் அருகே கலம் சென்றது. அங்கிருந்த கம்பிகளில் சிக்கிக்கொண்டது. உள்ளே 4 பேர். பின் அறையில் இருந்தவர்களில் ஒருவர் லிங்கின் மகன் கிளேட்டன், வயது 31. மீட்புப் படையினர் ஒரு நாளுக்கு மேல் போராடினார்கள். அறைக்குள் குளிர் ஏறியது. வெளிவிடும் மூச்சின் நச்சைப் போக்க வைத்திருந்த மருந்து குளிரில் வேலை செய்யவில்லை. கலம் மேலே வந்தபோது கிளேட்டனும் அவரோடு இருந்தவரும் உயிரோடு இல்லை. முன் அறையில் இருந்த இருவர் பிழைத்தார்கள்.

பிறர் பிள்ளைகள் சாகாமல் இருக்கப் பெட்டி செய்தவர், தம் பிள்ளையைத் தாமே செய்த கலத்தில் பறிகொடுத்தார்!

இன்னொருவராக இருந்தால் முடங்கிப் போயிருப்பார். லிங்க் மறுபடியும் பட்டறைக்குள் புகுந்தார். ஆள் இல்லாமல் கடலுக்குள் இறங்கி, சிக்கிய கலத்தை மீட்க உதவும் ஒரு கருவியைச் செய்தார். தம் மகனுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதே அதன் பொருள்.

1981-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ந் தேதி, பிங்ஹாம்டனில் அவர் காலமானார். வயது 77. அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

பெட்டியின் பேரப்பிள்ளைகள்

அவர் இறந்த மறு ஆண்டு, 1982-ல், மைக்ரோசாப்ட் கம்பெனி வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் நிரல் ஒன்றை வெளியிட்டது. துருத்தி போய்த் திரை வந்தது. கருத்து மட்டும் லிங்கின் கருத்தே.

இன்று ஆர்வலர்கள் பழைய போர் விமானங்களைக் கம்ப்யூட்டருக்குள் மறுபடி பிறக்கச் செய்கிறார்கள். நீலப் பெட்டியில் பழகியவர்கள் பின்னால் ஏறிய விமானங்கள் அவை. 1936-ம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்பயர் விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 20 ஆயிரம் விமானங்கள் செய்தார்கள். இன்று பறக்கும் நிலையில் இருப்பவை மிகச் சில. அவற்றில் ஏறி எல்லோரும் பழக முடியுமா?

ஆகையால் பழைய வரைபடங்களைத் தேடி எடுக்கிறார்கள். போர்க்கால விமானிகளின் கையேடுகளைப் படிக்கிறார்கள். பொருட்காட்சிச் சாலையில் நிற்கும் விமானங்களை அளக்கிறார்கள். மிஞ்சிய எஞ்சின்களின் ஓசையைப் பதிவு செய்கிறார்கள்.

நல்லதை மட்டும் அல்ல, குறையையும் அப்படியே செய்கிறார்கள். ஸ்பிட்பயரின் மூக்கு நீளம். தரையில் ஓடும்போது எதிரே இருப்பது தெரியாது. தரையில் அதிக நேரம் நின்றால் எஞ்சின் கொதித்துவிடும். ஆரம்ப கால எஞ்சினில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால், பெட்ரோல் சரியாகப் போகாமல் எஞ்சின் இருமி அணையும். 1941-ம் ஆண்டில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினீயர், துளை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைப் பொருத்தி அந்தக் கோளாறை அடக்கினார். அந்த இருமலும் திரையில் கேட்கிறது!

வீட்டில் உட்கார்ந்து ஸ்பிட்பயர் ஓட்டும் பையன் நூறு தடவை விழுகிறான். நூறு தடவையும் எழுந்து உட்காருகிறான். அவன் தாத்தாவின் தாத்தா காலத்து இளைஞர்களுக்கு ஒரு தடவை விழுந்தால் அதோடு முடிந்தது.

தவறு செய்தவன் சாகாமல், திருந்தி வாழ வேண்டும். பிங்ஹாம்டன் நிலவறையில் ஆர்கன் துருத்தியை வைத்து எட்வின் லிங்க் தேடியது அந்த ஒன்றைத்தான்.